மழை விட்டதும் இறக்கவும்

வாரியம் அனுப்பிய முதல் பெட்டியில் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார். இரண்டாவது பெட்டியிலும் அவரேதான் இருந்தார். மூன்றாவது பெட்டியைப் பிரிக்கும்போது நூலகர் கமலக்கண்ணனுக்குச் சின்னதாக ஒரு நப்பாசை. சமையல் புத்தகம் ஏதாவது இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று கத்தரிக்கோலைக் கொஞ்சம் வேகமாகவே போட்டார். உச்சியில் வழுக்கை, தோள்வரை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. அதே முகம் உள்ளேயிருந்து அவரை நிதானமாகப் பார்த்தது.

“இவரு இன்னும் போகலீங்களா?” என்று கேட்டாள் ஆயிஷா. நூலகத்தைத் திறப்பது, கூட்டுவது, புத்தகத்தைத் தட்டி அடுக்குவது, சாயங்காலம் பூட்டுவது எல்லாம் அவள் வேலை.

“இவரு எங்கம்மா போறது. நாமதான் போகோணும்” என்றார் கமலக்கண்ணன்.

ஏற்காடு பஸ் நிலையம் தாண்டி, கரடியூர் போகிற ரோட்டோரத்தில் ஒரு மேடு. மேட்டின்மேல் தனியாக நிற்கிற ஓட்டுக் கட்டடம்தான் மலைப்பகுதி வாசிப்பு வளர்ச்சி வாரியத்தின் கிளை நூலகம். பிராங்க்ளினுக்கும் ஏற்காட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், வாரியத்தின் கூட்டத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். மலைவாசிகளுக்கு மாமனிதர்களின் வாழ்க்கை வரலாறு கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள். எந்த மாமனிதர் என்று கேட்டதும் கூட்டம் இரண்டாகி, நான்காகி, டீ வருவதற்குள் ஆளுக்கொரு பக்கமாகிவிட்டது. ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் எழுந்து நின்றார். கடைசியில் யாரோ பிராங்க்ளின் என்றார்கள். அவர் எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்த மாவட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் யாரும் எதிர்க்கவில்லை. மாமனிதர்களுக்கென்று ஒதுக்கிய பணம் முழுவதும் அவர் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது.

ஆயிஷாவின் புருஷன் சாதிக் பாஷா பஸ் நிலையத்துக்கு எதிரே குடையும் மழைக்கோட்டும் விற்கிறவர். மழை வந்தால் கடையைச் சாத்துகிற குடை வியாபாரி இந்த மலையில் அவர் ஒருவர்தான். அதற்குக் காரணம் உண்டு.

போன சித்திரையில் நூலகத்துக்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக் மரத்தில் இடி இறங்கியது. வாழைப்பட்டையை உரித்ததுபோல மரம் உச்சியிலிருந்து அடிவரை பிளந்தது. அதில் ஏறியிருந்த மிளகுக்கொடி கருகிப்போயிற்று. ஆயிஷா அப்போது உள்ளே மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது காது மட்டும் அன்றைக்கு அடைத்தது, பிறகு திறக்கவேயில்லை. சேலத்து டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு காது நன்றாகக் கேட்கிறதே என்று பாராட்டி அனுப்பினார்.

அன்றிலிருந்து மானம் கறுத்தால் போதும், சாதிக் பாஷா கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு மேட்டுக்கு ஓடுவார். ஓடிப்போய் அவர் இடியை என்ன செய்துவிட முடியும் என்பது அவருக்கே தெரியாது. விழுந்தால் இரண்டு பேர் மேலும் விழட்டும் என்பதற்குமேல் அவரிடம் திட்டம் ஏதும் இருக்கவில்லை. வேலையை விட்டுவிடு என்று பல தடவை சொல்லிப் பார்த்தார். எஸ்டேட் வேலைக்குப் போன தாய்மார் திரும்புகிறவரைக்கும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், அதுகளை என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அதற்கும் மேலே அவர் பேசியபோது, “ஊட்டு மேலயுந்தான் இடி விழும். அதுக்காவ ஊட்டை உட்டு நின்னுக்கலாங்களா?” என்றாள்.

அப்படி ஓடிப்போன ஒரு மத்தியானம், மழை விடுகிறவரைக்கும் சும்மா உட்கார முடியாமல் ஒரு புத்தகத்தை எடுத்தார். எதை எடுத்தாலும் பிராங்க்ளின்தான் என்பதால் தேடுகிற வேலை இல்லை. தன்னுடைய மூக்குக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாக வாசித்துக்கொண்டே போனார். மேல்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி கிட்டத்துக்குமான அந்தக் கண்ணாடியைச் செய்ததே பிராங்க்ளின்தான் என்று ஓரிடத்தில் வந்தது. சாதிக் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மரியாதையாக மறுபடி மாட்டிக்கொண்டார். இன்னும் சில பக்கம் தள்ளி இடிதாங்கி வந்தது. கூரையில் ஒரு கம்பி, அதிலிருந்து மண்ணுக்கு ஒரு கம்பி, இடி அந்த வழியாகக் கட்டடத்தைத் தொடாமல் இறங்கிவிடும்.

“ஆயிஷா, இங்க பாரு புள்ள. இவரு நம்ம ஆளு” என்றார்.

அவள் நல்ல காதைத் திருப்பினாள். அவர் படித்துக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு, இந்தக் கம்பி நம் கூரையில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். “இவ்வளவு புஸ்தகம் அனுப்புனவங்க, கேட்டாக் குடுக்காமயா போயிருவாங்க?” என்றாள். சாதிக் பாஷாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. தப்பு அங்கேதான் நடந்தது.

அவர் மனு எழுதினார். கட்டடம் மேட்டில் இருப்பது, மரம் பிளந்தது, பிள்ளைகள் உட்காருவது, வீட்டுக்காரியின் காது எல்லாவற்றையும் எழுதி, இடிதாங்கி ஒன்று வைத்துத் தரவேண்டும் என்று முடித்தார். வாரியம் சும்மா இருக்கவில்லை, பதில் வந்தது. இடிதாங்கி தொடர்பான தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது, இடிதாங்கியைக் கண்டுபிடித்த மேதையின் வாழ்க்கை வரலாறு தங்கள் கிளைக்கு அனுப்பப்படுகிறது என்று இருந்தது. கூடவே ஒரு பெட்டி.

புரியும்படி எழுதாதது தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டார். மறுபடி எழுதினார். புத்தகம் வேண்டாம், கம்பிதான் வேண்டும் என்று தெளிவாகவே எழுதினார். வாரியம் அதிலிருந்து, அனுப்பிய புத்தகம் அந்த ஊர்க்காரர்களுக்குக் கடினமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. அடுத்த பெட்டியில் சிறுவர்களுக்கான பிராங்க்ளின், படங்களுடன், பெரிய எழுத்தில் வந்தார். அதில் பிராங்க்ளின் மழையில் பட்டம் விட, பக்கத்தில் அவர் மகன் அரை டிராயரோடு நின்றான். முந்தின பெட்டிப் புத்தகத்திலோ அதே மகன் அதே மழையில் மீசை முளைத்த வாலிபனாக இருந்தான். எது சரி என்று சாதிக் பாஷா கேட்டபோது, பெட்டிக்குப் பெட்டி பையன் வளர்வது சகஜம்தானே என்றார் கமலக்கண்ணன்.

கடைசியில் அவர் சேலத்துக்கு பஸ் ஏறினார். வாரியத்தின் கட்டடப் பிரிவில் இருந்தவர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். இடிதாங்கி வைக்க வழி இருக்கிறது, விதியும் இருக்கிறது என்றார். சாதிக் பாஷாவின் முகம் மலர்ந்தது.

“உங்க கட்டடத்து மேல இடி விழுந்திருக்குதுங்களா?”

“இல்லீங்க. பக்கத்து மரத்துல.”

“மரம் எங்களுது இல்லீங்க, அது வனத்துறை. கட்டடத்துல விழுந்திருக்கோணும். விழாத எடத்துக்கு இடிதாங்கின்னா ஆடிட்ல கேப்பாங்க.”

“அப்ப விழுந்தா வெப்பீங்களா?”

அவர் யோசித்தார். நேர்மையானவர், யோசிக்காமல் எதையும் சொல்கிறவர் இல்லை. “விழுந்தா ஓட்டுக் கட்டடம் நிக்காதுங்களே, பாய். இல்லாத கட்டடத்துக்கு எப்படி வெக்கறது?”

மலை ஏறுகிற பஸ்ஸில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாதிக் பாஷா அதை ஒருதரம் யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த மனுஷன் சொன்னதில் பிசகு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஆயிஷாவிடம் சொன்னார். அவள் வலது காதாலும் கேட்காதவள்போலச் சோற்றைப் போட்டாள்.

இதற்கிடையே வாரியத்தில் வேறொன்று நடந்திருந்தது. எல்லாக் கிளைகளிலும் பிராங்க்ளினைப் பற்றி வாய் திறந்த ஊர் ஏற்காடு ஒன்றுதான். இங்கிருந்து மனுமேல் மனு வருகிறது. ஒருவர் பஸ் பிடித்து நேரிலேயே வந்திருக்கிறார். இவ்வளவு ஆர்வம் வேறெங்கும் இல்லை. ஆகவே ஏற்காடு கிளையைப் பிராங்க்ளின் சிறப்பு நூலகமாக உயர்த்தி உத்தரவு போட்டார்கள். சிறப்பு நூலகத்தில் பொதுப் புத்தகம் இருக்கக் கூடாது என்பதால் ஒரு வேன் வந்து மிளகுச் சாகுபடி, தையல், பிரசவ கால உணவு, பிள்ளைகளின் கதைப் புத்தகம் எல்லாவற்றையும் அள்ளிப் போயிற்று. அலமாரிகளில் ஒரே முகம் வரிசையாக நின்றது. ஆயிஷா ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணாடிக்காரரின் முகத்தைத்தான் துடைத்தாள். பிள்ளைகள் கதை கேட்டால், “இருக்கற தாத்தனைப் படிங்க கண்ணு” என்றாள்.

தொடக்க விழா மறுவருஷம் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரத்தில், சாயங்காலம். வாரியத்தின் செயல் அலுவலர் ஏசுராஜ் ஜீப்பில் வந்திறங்கினார். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. சாதிக் பாஷா வழக்கம்போல ஷட்டரை இழுத்துவிட்டு வந்து, வாசல் ஓரத்தில் கையில் குடையோடு நின்றார். பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள்.

ஏசுராஜ் உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்ப் பேசினார். “இந்த மலைக்கு இடி புதிதல்ல. ஆனால் இதுவரை உங்கள் மேல் இடி விழுந்தபோது, அது என்னவென்று தெரியாமலே விழுந்தது. இனி அந்த நிலை இல்லை. இனி விழுகிற ஒவ்வொரு இடியும் படித்தவர்கள் மேல்தான் விழும். அதுதான் இந்த வாரியத்தின் சாதனை. தங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை முழுமையாக அறிந்த மக்களாக உங்களை மாற்றியிருக்கிறோம். சில பேர் எங்களிடம் பொருள் கேட்கிறார்கள். பொருள் இன்றைக்கு இருக்கும், நாளைக்குத் துருப்பிடிக்கும். வரலாறு துருப்பிடிக்காது.”

கைதட்டினார்கள். தட்டி முடிக்கவில்லை, மேலே ஓடுகள் கலகலத்தன. பளீரென்று வெளிச்சம், அதன் காலடியிலேயே சத்தம். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்தன. ஆயிஷா நடுக்கூடத்தில் நின்றபடியே அதுகளின் தலைகளை எண்ணினாள்.

ஏசுராஜ் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கமலக்கண்ணன் பக்கம் சாய்ந்தார். “இங்க இடிதாங்கி இருக்குதுங்களா?”

“அதைப் பத்தி நூத்துக்கணக்கான புஸ்தகம் இருக்குதுங்க சார்” என்றார் கமலக்கண்ணன்.

நன்றியுரையை ஏசுராஜ் ஜீப்புக்குள்ளிருந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிகழ்த்தினார். யாருக்கும் கேட்கவில்லை என்றாலும் முழுவதும் நிகழ்த்தினார்.

ஏசுராஜ் பட்ட பயம் வீண்போகவில்லை. அடுத்த மாதமே வேன் வந்தது. இந்தத் தடவை பெட்டி நீளமாக இருந்தது. பிரித்தால் உள்ளே செம்பில் செய்த இடிதாங்கி. நுனி கூராக, நிஜமானது. சுருள் சுருளாகச் செம்புப் பட்டை, மண்ணில் புதைக்கிற தகடு, எல்லாம் சேர்த்து முழு சாமான். சாதிக் பாஷா அதைத் தொட்டுப் பார்த்தார். அல்லா கண்ணைத் திறந்துவிட்டான் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வேன்காரர்கள் ஆள்நீளக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்து, இடிதாங்கியை அதற்குள் படுக்கவைத்துப் பூட்டினார்கள். மேலே அட்டை ஒட்டினார்கள்: இடிதாங்கி. காட்சிப் பொருள். தொடாதீர்கள்.

இதைக் கூரையில் வைத்தால் என்ன என்று அவர் கேட்டார். கமலக்கண்ணன் வருத்தத்தோடு வாரியத்தின் குறிப்பைக் காட்டினார். காட்சிப் பொருளைக் காட்சி தவிர வேறெதற்கும் பயன்படுத்தலாகாது.

“அப்ப இடி விழுந்தா?”

“பெட்டிக்கு ஒண்ணும் ஆவாதுங்க, பாய். கண்ணாடியில மின்சாரம் பாயாது” என்றார் கமலக்கண்ணன். அவருக்கும் அலுத்துவிட்டிருந்தது.

சாதிக் பாஷா அதற்கப்புறம் மனு எழுதவில்லை. மானம் கறுத்தால் ஷட்டரை இழுப்பார், மேட்டுக்கு ஏறுவார், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மழை விடுகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரரைப்போல இருந்தது அவரைப் பார்க்க.

ஆயிஷாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. இடியையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் மழை விட்டு மற்றவர்கள் போனபின், புருஷனைப் பார்த்து, “ஏனுங்க, அந்தப் பொட்டிச் சாவி ஆருகிட்ட இருக்குது?” என்றாள்.

“உங்கிட்டத்தான. எல்லாச் சாவியும் உங்கிட்டத்தான இருக்குது?”

“அதாஞ் சொல்றேன்” என்றாள்.

மறுநாள் காலையில் வயர்மேன் ஐயாக்கண்ணு ஏணியோடு வந்தார். கமலக்கண்ணன் அன்றைக்குச் சேலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். போக வேண்டிய கூட்டமா, போய்விட்டால் நல்லது என்று போன கூட்டமா என்று யாரும் கேட்கவில்லை. ஐயாக்கண்ணு கூரை முகட்டில் கம்பியை நட்டு, சுவரோரமாகப் பட்டையை இறக்கி, கட்டடத்தை விட்டுத் தள்ளிக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தகட்டைப் புதைத்தார். கீழே குடை பிடித்து நின்ற சாதிக் பாஷாவிடம், வெயிலில் எதற்குக் குடை என்று கேட்டார். கை பழகிவிட்டது என்றார் பாஷா. காலியான கண்ணாடிப் பெட்டிக்குள் ஆயிஷா ஒரு புத்தகத்தை, இடிதாங்கிப் படம் தெரிகிற பக்கமாக விரித்துவைத்துப் பூட்டினாள்.

ஐப்பசியில் ஏசுராஜ் ஆய்வுக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். திரும்பி இன்னொரு முறை நடந்தார்.

“ஏம்மா, இடிதாங்கி எங்க?”

“காட்சிக்கு வெச்சிருக்குதுங்க.”

“எங்க வெச்சிருக்கீங்க?”

“மேலீங்க. கீழ வெச்சா உள்ளாற வர்றவீங்க மட்டுந்தானுங்க பாக்கறாங்க. மேல வெச்சா பஸ்ஸுல போறவீங்களும் பாப்பாங்க.”

ஏசுராஜ் வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். உள்ளே வந்தார். முகம் இறுகியிருந்தது. காட்சிப் பொருளைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இது எவ்வளவு பெரிய குற்றம் தெரியுமா, வேலை போகும் என்றார். மேகம் கட்டியதுமே மேட்டுக்கு வந்துவிட்டிருந்த சாதிக் பாஷா குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். ஆயிஷா நல்ல காதைக் கொடுத்து முழுவதும் கேட்டாள்.

“பயன்படுத்தலீங்களே” என்றாள்.

“என்னம்மா சொல்றீங்க?”

“இன்னும் ஒருக்காக்கூட இடி விழுகலீங்க. விழுந்தாத்தானுங்க பயன்படுத்துன மாதிரி ஆவும்? ஆபீசுலயே சொன்னாங்களாமா, விழுகாம ஒண்ணும் கணக்குல வராதுன்னு.”

ஏசுராஜ் கமலக்கண்ணனைப் பார்த்தார். கமலக்கண்ணன் பிராங்க்ளினைப் பார்த்தார். இந்த வாதத்தில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று ஏசுராஜுக்குத் தெரிந்தது. அந்த ஓட்டையைத் தொட்டால் அது வாரியத்தின் விதிப்புத்தகத்துக்குள் போய் முடியும் என்பதும் தெரிந்தது. ஆகவே வாதத்தை விட்டுவிட்டு, இப்போதே ஏணி போட்டு அதைக் கீழே இறக்கச் சொன்னார்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மலை இருண்டது. மழை ஒரேயடியாக ஓட்டின்மேல் கொட்டியது. வாசல் வெள்ளை வெளேரென்று மின்னியது. சாதிக் பாஷா ஏணியை எடுக்க நகர்ந்தார்; அதிகாரி சொன்னால் செய்து பழகியவர். ஏசுராஜ் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். வெளியே நின்ற ஜீப்பைப் பார்த்தார். அதற்கும் வாசலுக்கும் நடுவே இருந்த வெட்டவெளியைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே கூரையைப் பார்த்தார்.

“அந்தக் கம்பி சரியா வேலை செய்யுதுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அது காட்சிப் பொருளுங்க சார். அது தெரியாதுங்க” என்றாள் ஆயிஷா.

மழை குறைகிறவரைக்கும் ஏசுராஜ் கூடத்தின் நடுவில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். பார்வைக் குறிப்பில் எழுத வேண்டியதைச் சொல்லச் சொல்லக் கமலக்கண்ணன் எழுதினார். பொறுப்பில்லாமல் கூரையில் பொருத்தப்பட்டுள்ள காட்சிப் பொருளை உடனடியாக இறக்கவும் என்று சொன்னார். அடுத்த இடிக்கு, உடனடியாக என்பதை அடிக்கச் சொன்னார். அதற்கடுத்த இடிக்கு, மழை விட்டதும் இறக்கவும் என்று மாற்றி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். மழை முழுக்க விடவில்லை. சாரல் ஆனதுமே, மூடுபனி வளைவுகளை மூடுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்த, ஏசுராஜ் குனிந்தபடி ஓடி ஜீப்பில் ஏறினார்.

வாரியம் எதையும் மறப்பதில்லை. மழை விட்டதா, காட்சிப் பொருள் இறக்கப்பட்டதா என்று கேட்டு ஓலை வந்தது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. காப்பிப் பழம் பறிக்கிற காலம். ரோட்டில் புழுதி பறந்தது. கமலக்கண்ணன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆயிஷாவின் முகத்தைப் பார்த்தார். அவள் ஜன்னல் வழியாக நிதானமாக எட்டிப் பார்த்தாள்.

“தூறுதுங்க” என்றாள்.

அப்படியே எழுதினார். மாசியில் இன்னொன்று வந்தது. தூறல் நிற்கவில்லை என்று பதில் போயிற்று. பங்குனியில் வந்ததற்கும் அதே பதில்தான். மலையின் மழை குறித்த தங்கள் கடிதங்கள் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டன என்று ஒரு நாள் வாரியம் எழுதியது. கூடவே ஒரு பெட்டி. பிராங்க்ளின் புயலையும் மழையையும் ஆராய்ந்ததைப் பற்றி, இரண்டு பாகத்தில்.

சித்திரை பிறந்து முதல் கோடைமழை மத்தியானம் வந்தது. மானம் கறுத்ததும் சாதிக் பாஷாவின் கை தானாக ஷட்டருக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. மேட்டைப் பார்த்தார். ஓட்டு முகட்டில் செம்பு நுனி மின்னலில் ஒருதரம் தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டு குடைகளைக் கட்டவிழ்த்து வாசலில் தொங்கவிட்டார். இரண்டு வருஷமாக மழையில் திறந்திராத கடை. தண்ணீர் எந்தப் பக்கம் தெறிக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய கீழ்நாட்டுக் கூட்டம் நனைந்துகொண்டு ஓடிவந்தது.

குழந்தையைத் துண்டால் போர்த்தித் தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் குடை வாங்கினார். வாங்கியும் விரிக்காமல் தயங்கி நின்றார்.

“ஏனுங்க பாய், இந்த மழை எப்பங்க விடும்?”

“விடாதுங்க” என்றார் சாதிக் பாஷா. “விடலைன்னு ஆபீசுக்கே எழுதியிருக்குதுங்க.”